கோப்பையில் ஒட்டிய பெயர்

நாங்கள் வென்ற இறுதியாட்டத்தில்
நாங்கள் தோற்றோம்.
ஒன்றுக்குச் சுழியம்.
எழுபத்தெட்டாம் நிமிடம், மழை,
இடது பின்காப்பில் நான்.
வழுக்கிவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள்.
நானும் அப்படித்தான் சொன்னேன்.

அதற்கு முன்னால் ஒன்பது ஆட்டங்கள் இருந்தன,
அவற்றை யாரும் கேட்பதில்லை.
பாலிக் புலாவில் லோரிகள் நிறுத்தும் சரிவுத் திடலில்
மூன்று வாங்கி நான்கு கொடுத்தோம்.
புக்கிட் மெர்தாஜாமில் ஹஃபிஸ் உதைத்த பந்து
கம்பத்துக்கு மேலே பறந்து
வேலிக்கு அப்பால் காய்ந்த போர்வையில் சுருண்டு விழ,
போர்வைக்காரி வந்து ஏசிவிட்டு
பந்தை வீட்டுக்குள் எடுத்துப்போனாள்.
இருபது நிமிடம் ஆட்டம் நின்றது.
தைப்பூச விரதத்தில் யுகேந்திரன்
தயிர்ச்சோற்றை நம்பி தொண்ணூறு நிமிடம் ஓடினான்.
கியாட் ஹோங் கையுறைக்குள்
கோயில் மஞ்சள் தாளை மடித்து வைத்திருப்பான்;
மழை பெய்தால் சாயம் இறங்கி
பத்து விரலும் மஞ்சளாகும்,
அந்த விரல்களால்தான் அரையிறுதியில்
இரண்டு பெனால்டியைத் தட்டிவிட்டான்.

பிறகு அந்த எழுபத்தெட்டாம் நிமிடம்.
பேருந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை. ஜெலுத்தோங் மாமாக் கடை.
ரொட்டி சானாயைப் பாதி பிய்த்திருந்தபோது
பயிற்றுநர் ரோஸ்லானின் குரல்தகவல்:
எதிரணிப் பதினேழாம் எண்காரன்
ஜனவரியிலேயே படிப்பை விட்டவனாம்,
பட்டியலில் பெயர் மட்டும் இருந்ததாம்,
விசாரணை முடிந்ததாம்,
இனி நாங்கள்தான் சேம்பியனாம்.

யாரும் கத்தவில்லை.
கியாட் ஹோங் ரொட்டியைக் கறியில் தோய்த்துத் தின்றான்.
அப்புறம் யாரோ சிரித்தான், அப்புறம் எல்லாரும்,
மேசையைத் தட்டியதில் தே தாரிக் கவிழ்ந்தது.
என்ன விசேஷம் என்று கேட்ட கடைக்காரரிடம்
'தோத்துட்டோம்ணே, கப்பு கெடச்சிருச்சு' என்றான் யுகேந்திரன்.
அவர் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார்.
தேத்தண்ணிக்கும் காசு வாங்கினார்.

கோப்பை, ரோஸ்லானின் மைவி காரின் பின்பெட்டியில் வந்தது,
பழைய நாளிதழில் சுற்றி.
அடித்தட்டில் அந்தக் கல்லூரியின் பெயரை
முன்பே செதுக்கிவிட்டார்கள்.
அதன்மேல் எங்கள் பெயரை
அச்சடித்து ஒட்டியிருந்தது.
முதல்வர் கைகுலுக்கினார். விடாமுயற்சி என்றார்.
படம் எடுக்கும் வரிசையில் ஓரமாக நின்ற நான்
ஒட்டுத்தாளின் முனையை நகத்தால் நெம்பினேன்,
சும்மாதான்.
கீழே ஓர் எழுத்தின் கால் தட்டுப்பட்டது.

மே மாதம், பட்டர்வொர்த் போகும் படகு.
மோட்டார்கள் நெருக்கிநிற்கும் தட்டில்
சாப்பாட்டுப் பெட்டி கட்டிய கப்சாய் ஒன்று,
அதன்மேல் பதினேழு.
எனக்கு முன்னால் அவன் கண்டுகொண்டான்.
'நீதானே அந்த லெஃப்ட் பேக்?'
பெயர் சர்வின் என்றான்.
பீஸ் கட்ட முடியவில்லை,
ஃபைனல் முடியட்டும் என்று
ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்றான்.
ஜெர்சியைத் திருப்பிக் கேட்டார்களாம்.
பூட்ஸ் சொந்தக் காசு, அதனால் தப்பித்தது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
எதற்கு என்று எனக்கே தெரியாததால்
கடலைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை,
ஒரு பிளாஸ்டிக் கூடை மிதந்தது.

கரையில் கயிறு விழும்போது
தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சொன்னான்:
'அன்னிக்கு நீ வழுக்கல.
முழங்கையால நான்தான் தள்ளினேன்.
ரெஃப்ரி பாக்கல.'

எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் உறுமின.
நிஜமாகத்தான் சொன்னானா,
இல்லை, போகிற போக்கில்
கையில் இருந்ததை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனானா?
அன்றைக்கு விலா வலித்ததா,
வலித்திருந்தால் எந்தப் பக்கம் என்று யோசித்தபடி
கடைசி ஆளாக இறங்கினேன்.